சென் நசேருக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் சென் நசேரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். கப்பல் கட்டும் தளத்தில் பெயின்ற் அடிக்கிற வேலை. பிரான்ஸின் பல ஊர்களில் புதனும் சனியும் தமிழ் படிப்பிக்கிற நீங்கள், கோடை லீவு தொடங்க முன்னம் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருவீர்கள். போவது லா போல் கடற்கரைக்கு. வழியில் எங்கள் ஊரில் ஒரு நிறுத்தம். ஊர் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிடுவீர்கள், நானும் சந்தோஷமாக வந்து நிற்பேன்.

போன வருடம் வந்த பஸ்ஸில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். எந்தப் பள்ளி என்று எழுதப் போவதில்லை. நிகழ்ச்சி நிரலில் எங்கள் ஊருக்கு இருபது நிமிடம் போட்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல் தளத்தின் கூரையில் எல்லாரும் ஏறினார்கள். பின்னால் தெரிகிற பெரிய உல்லாசக் கப்பலோடு ஒரு குழுப்படம். "இது ஜேர்மன்காரன் கட்டின கட்டடம்" என்று ஒரு வசனம். பிறகு இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

இறங்கும்போது ஒன்பது பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் போனில் இருந்த பழைய படம் ஒன்றைக் காட்டினேன். கறுப்பு வெள்ளை. ஒரு போர்க்கப்பல் பெரிய இரும்புக் கதவில் மோதி, மூக்கு நசுங்கி, கதவின் மேலேயே ஏறி நிற்கிறது. அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். "மாமா, கப்பலுக்கு மேல நிக்கிற ஆக்கள் ஆர்?"

பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். பிள்ளை ஓடிவிட்டது.

அந்தக் கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன். அவளுக்கு நேரம் கொடுக்காதவர்கள் பெரியவர்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் படம் எடுக்கப்பட்டது இரண்டாம் உலகப்போரில், இந்த ஊர் ஜேர்மன்காரன் கையில் இருந்தபோது, 1942 மார்ச் 28ஆம் திகதி காலையில். கப்பலின் பெயர் காம்பெல்டவுன். அமெரிக்கா பிரித்தானியாவுக்குக் கொடுத்த பழைய கப்பல் அது. ஜேர்மன் கப்பல்போலத் தெரிய வேண்டும் என்று அதன் நான்கு புகைபோக்கிகளில் இரண்டை எடுத்துவிட்டு, மிஞ்சிய இரண்டையும் சரிவாக வெட்டினார்கள். சிறிய படகுகள் கூட வர, லுவார் ஆற்றின் வாய்க்குள் இரவோடு இரவாக நுழைந்து, 1 மணி 34 நிமிடத்துக்கு, கப்பல்களை ஏற்றிப் பழுதுபார்க்கிற டொக்கின் கதவில் மோதியது. முன்பக்கத்துக்குள் நான்கு தொன்னுக்கு மேல் வெடிமருந்து, இரும்பும் கொங்கிறீட்டும் சுற்றிய மறைப்புக்குள் இருந்தது. வெடிப்பதற்கு மணிக்கணக்கு வைத்த திரிகள்.

விடிந்ததும் ஜேர்மன் படையினர் கப்பலில் ஏறிப் பார்த்தார்கள். அதிகாரிகளும் வந்தார்கள். எதிரி கப்பலை மோதி, தோற்று, பிடிபட்டுவிட்டான் என்று நினைத்தார்கள். படமும் எடுத்தார்கள். நண்பகல் அளவில் கப்பல் வெடித்தது. அது வெடித்த நேரத்தில் அதன் கப்டன் ஸ்டீவன் பீற்றி கைதியாக விசாரணையில் இருந்தார். கப்பலின் மேலே நின்றவர்களும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை விரலால் பெரிதாக்கிப் பார்த்த ஆட்கள் அவர்கள்தான். கமரா அவர்களை எடுத்தபோது அவர்களுக்கு இன்னும் சில மணித்தியாலமே இருந்தது. இதைத் தெரியாமல் பார்த்தால் அது உடைந்த கப்பல் ஒன்றின் படம், அவ்வளவுதான்.

ஏன் அந்தக் கதவு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு இன்னொரு படம் வேண்டும். சந்தையில் பழைய சாமான் விற்கும் கிழவரிடம் மூன்று யூரோவுக்கு வாங்கிய தபாலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் யாரும் எழுதவில்லை, பென்சிலால் விலை மட்டும் போட்டிருக்கிறது. முன்பக்கம் நோர்மண்டி கப்பல். மூலை ஒன்று மடிந்து, கப்பலின் நுனிக்கு மேலால் ஒரு வெள்ளைக் கோடு போகிறது. இந்த ஊரில் கட்டிய கப்பல்களிலேயே பேர் பெற்றது அது. 313 மீட்டர் நீளம். 1932 ஒக்டோபர் 29ஆம் திகதி ஆற்றில் இறக்கினார்கள். அவ்வளவு பெரிய உடல் தண்ணீருக்குள் சறுக்கியபோது எழுந்த அலை, கரையில் நின்ற நூறு பேர் அளவில் ஆற்றுக்குள் இழுத்துவிட்டது. நல்ல காலம், ஒருவரும் சாகவில்லை.

அந்தக் கப்பலுக்கு ஏற்ற அளவில்தான் ஜூபேர் டொக்கைக் கட்டினார்கள். 350 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். ஜேர்மனியின் திர்பிட்ஸ் என்ற பெரிய போர்க்கப்பல் அத்திலாந்திக்குக்குள் வந்து அடிபட்டால், ஜேர்மன்காரன் பிடித்து வைத்திருந்த அத்திலாந்திக் கரையில் அதை ஏற்றிப் பழுதுபார்க்க இந்த ஒரு டொக்தான் இருந்தது. டொக்கை உடைத்துவிட்டால் திர்பிட்ஸ் இந்தப் பக்கம் வராது என்று பிரித்தானியர் கணக்குப் போட்டார்கள். கணக்குப் பிழைக்கவில்லை. போர் முடியும்வரை டொக் வேலை செய்யவில்லை. காம்பெல்டவுனிலும் படகுகளிலும் வந்த பிரித்தானியர் அறுநூற்றுக்குச் சற்று மேல். 169 பேர் செத்தார்கள். படகுகள் பெரும்பாலும் மரம், உள்ளே பெற்றோல். ஆறே எரிந்தது என்று சொல்வார்கள்.

சொகுசுக் கப்பலுக்காகக் கட்டிய டொக் பத்து வருடத்துக்குள் இத்தனை உயிருக்கு விலையானது. நோர்மண்டிக்கும் அதே 1942இல்தான் முடிவு வந்தது. பெப்ரவரி 9ஆம் திகதி நியூயோர்க் துறைமுகத்தில், படையினரை ஏற்றும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து, அடுத்த நாள் விடிய முன்னம் கவிழ்ந்தது.

காம்பெல்டவுன் கதையை வீரக்கதையாகச் சொல்லிவிட்டு நிறுத்துவது லேசு. ஐந்து பேருக்கு விக்டோரியா சிலுவை என்ற பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருது கிடைத்த கதை அது. ஆனால் இரண்டு நாள் கழித்து, மார்ச் 30ஆம் திகதி, பிரித்தானியப் படகு ஒன்று விட்டுப்போன டோர்பீடோக்கள் வெடித்தன. பதற்றத்தில் ஜேர்மன் படையினர் ஊருக்குள் சுட்டார்கள். ஊர்ச்சனத்தில் 16 பேர் செத்தார்கள். அந்தப் பின்னேரத்தின் படம் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. கமரா வைத்திருந்தவர்களுக்கு அது எடுக்க வேண்டிய காட்சியாக இருக்கவில்லை.

இதைத்தான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் துறைமுகத்தின் பழைய படம் எதைக் காட்டினாலும் இரண்டு கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். இதில் நிற்பவர்கள் யார்? இதை எடுத்தவர் எங்கே நின்றார்? நீங்கள் நிற்கிற கூரையிலிருந்தே முக்கால்வாசிப் படங்களின் இடத்தைக் கையால் காட்டலாம். படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எடுத்தவர் பார்த்த பக்கமாகத் திரும்பி நின்றால், வகுப்பறையில் ஒரு மாதம் சொல்லி விளங்காதது அங்கே விளங்கும்.

கூரையில் நின்று கடல் பக்கம் திரும்புங்கள். 1940 ஜூன் 17ஆம் திகதி பின்னேரம் நான்கு மணிக்குச் சற்று முன், அங்கே லங்காஸ்ட்ரியா என்ற பிரித்தானியக் கப்பலில் குண்டு விழுந்தது. ஜேர்மன் படை முன்னேற, வடக்கே டன்கேர்க் துறைமுகத்தால் தப்பிப் போக முடியாமல் மிஞ்சிய படையினரும் பொதுமக்களும் அதில் இருந்தார்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. கொள்ள வேண்டியதைவிடப் பல மடங்கு. இருபது நிமிடத்துக்குள் கப்பல் போய்விட்டது. குறைந்தது மூவாயிரம் பேர் செத்தார்கள். பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் அந்தச் செய்தியை வெளியே விடாமல் மறித்தார். ஐந்து கிழமைக்குப் பிறகுதான் பத்திரிகையில் வந்தது.

அந்தக் கப்பல் கவிழும் படம் இருக்கிறது. சரிந்த அடிப்பாகத்தின் மேல் எறும்புக்கூட்டம்போல ஒரு கறுப்பு வரி. கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால்தான் அது மனிதர் என்று தெரியும். சிலர் நிற்கிறார்கள், சிலர் இருக்கிறார்கள். தண்ணீருக்குள் புள்ளி புள்ளியாகத் தலைகள். இதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று நானும் யோசித்தேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் கரையில் இருக்கிற நினைவுக்கல்லடிக்கு எல்லாப் பிள்ளையையும் கூட்டிப்போகலாம். இன்னுமொன்று. உங்கள் பஸ் போகிற லா போலில், எஸ்குப்லாக் என்ற இடத்தில், போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. லங்காஸ்ட்ரியாவில் செத்துக் கரையொதுங்கியவர்களும், காம்பெல்டவுனோடு வந்து செத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். கடற்கரைக்குப் போகிற வழியில் பதினைந்து நிமிடம் போதும். பிள்ளைகள் ஒரு பூ வைக்கட்டும்.

லங்காஸ்ட்ரியா போய் இரண்டாம் இரவு, இங்கே கட்டி முடியாமல் நின்ற ஷான் பார் என்ற போர்க்கப்பல், ஜேர்மன்காரன் வந்து சேர முன்னம் ஒருவாறு தப்பி மொரோக்கோவின் கசபிளாங்காவுக்குப் போய்விட்டது. அதற்கு முந்திய முதலாம் உலகப்போரில் இதே துறைமுகத்தில் 1917 ஜூன் 26ஆம் திகதி அமெரிக்கப் படையினர் வந்து இறங்கினார்கள். அதற்காகக் கடலுக்குள் வைத்த சிலையை 1941 டிசம்பரில் ஜேர்மன்காரன் உடைத்தான், 1989இல் திரும்ப வைத்தார்கள். நேரம் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

இனி, உங்கள் காலுக்குக் கீழே இருக்கிற கட்டடம். 300 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். பதினான்கு நீர்மூழ்கிக் கொட்டில்கள். 1941 பெப்ரவரியில் தொடங்கினார்கள், ஜூன் மாதமே முதல் கொட்டில்கள் தயார். அமெரிக்காவுக்குப் போகிற கப்பல்களில் சனம் ஏறி இறங்கிய இடத்தின் மேலேயே அதைக் கட்டினார்கள். நேச நாட்டு விமானங்கள் ஐம்பது தடவை அளவில் வந்து குண்டு போட்டன. கூரை அசையவில்லை. இன்றைக்கும் நிற்கிறது, நீங்கள் அதில் ஏறிப் படம் எடுக்கிறீர்கள். அசைந்தது ஊர்.

அது தவறி நடந்ததல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு ஒளிக்கக்கூடாது. தளத்தை உடைக்க முடியவில்லை என்றானபோது, 1943 ஜனவரியில், தளங்களைச் சுற்றியுள்ள ஊர்களையே அழிக்கலாம் என்று லண்டனில் முடிவெடுத்தார்கள். லோரியோன், பிறெஸ்ற், எங்கள் சென் நசேர். பெப்ரவரி 28ஆம் திகதி இரவு நானூறுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தன. ஊரின் நடுப்பகுதி எரிந்துபோனது. போர் முடிந்தபோது நூற்றுக்கு எண்பத்தைந்து வீதம் ஊர் இல்லை.

விமானத்திலிருந்து எடுத்த குண்டுவீச்சுப் படங்கள் நிறைய இருக்கின்றன. மேலிருந்து பார்க்க ஊர் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோல இருக்கும். நடுவில் பஞ்சு வைத்ததுபோலப் புகை. அந்தப் பஞ்சுக்கு அடியில் என்ன நடந்தது என்பதை அந்தப் படம் சொல்லாது. 1942 நவம்பர் 9ஆம் திகதி பகல், அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில், பெனோயெட் கப்பல் தளத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த பெடியள் 130 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் செத்தார்கள். உங்கள் பத்தாம் வகுப்புப் பெடியளின் வயது. கப்பல் கட்டப் பழக வந்தவர்கள். நான் வேலை செய்கிற தளம் அந்தத் தளத்தின் வழியில் வந்ததுதான். முதல் தடவை இதைக் கேட்ட அன்று இரவு வேலைக்குப் போய், பிரஷைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

நோர்மண்டியின் படம் தபாலட்டையாக இன்றும் மூன்று யூரோவுக்குக் கிடைக்கிறது. அந்தப் பெடியளில் ஒருவனின் முகத்தையும் நான் எந்தத் தபாலட்டையிலும் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டு அலுமாரிகளில் இருப்பார்கள்.

ஒரு தகப்பன், நல்ல மனிதர், போன வருடம் பஸ்ஸடியில் என்னோடு கதைத்தார். "இதுகளிலயிருந்து தப்பத்தானே அண்ணை நாங்கள் இஞ்ச வந்தனாங்கள். பிள்ளையளுக்கு ஏன் திரும்ப?" அவரின் கேள்வி நியாயமானது. அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். இப்போது இல்லை. 1944 ஓகஸ்டிலிருந்து இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் ஜேர்மன்காரன் விடாமல் பிடித்து வைத்திருந்த ஒன்பது மாதமும் அவர் உள்ளே இருந்தவர். அப்போது ஏழு வயது. ஊர்ச்சனம் அதை இன்றும் 'போஷ்' என்றுதான் சொல்லும், பை என்று அர்த்தம். பாரிஸ் விடுதலையான பிறகும் 130,000 பொதுமக்கள் அந்தப் பைக்குள் அகப்பட்டு இருந்தார்கள். மின்சாரம் இல்லை, சாமான் இல்லை. முத்திரைகூட முடிந்துபோய், 1945 ஏப்ரலில் வர்த்தக சபை தானே முத்திரை அச்சடித்தது. ஐரோப்பா முழுக்க மே 8ஆம் திகதி போர் முடிந்தது என்று கொண்டாடியபோது இவர்களுக்கு முடியவில்லை. மே 11ஆம் திகதி, புவ்ரோன் என்ற சிற்றூரின் வெளியில், ஜேர்மன் ஜெனரல் யுங்க் தன் கைத்துப்பாக்கியை அமெரிக்க ஜெனரல் கிறாமரிடம் ஒப்படைத்தார். அதற்கும் படம் இருக்கிறது.

அந்த அம்மாவிடம், இரவில் வெளிச்சத்துக்கு என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொல்லி முடிய, நான் எழும்பிப் போய் ஒரு ஜாம் போத்தலைக் கொண்டுவந்தேன். அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், கம்பியில் சுற்றிய திரி. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்த் தடைக்குள் நாங்கள் படித்த விளக்கு. குசினி லைற்றை நிற்பாட்டிவிட்டுக் கொளுத்தினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, பங்கருக்குள் தன் தாய் பாடிய பாட்டைப் பாடினார். நானும் அவரும் ஒரே வார்த்தையைத்தான் பாவித்தோம், பங்கர் என்று. மகள் அன்றைக்குத்தான் என்னிடம் கேட்டாள், "அப்பா, நீங்களும் பங்கருக்குள்ள இருந்தனீங்களோ?" அதுவரை நான் சொல்லாதிருந்த பலதை அந்த இரவு சொன்னேன்.

அந்தத் தகப்பனுக்கு என் பதில் இதுதான், அண்ணை. எங்கள் பிள்ளைகள் எங்களிடம் கேட்கப் பயப்படுகிறார்கள், நாங்கள் சொல்லப் பயப்படுகிறோம். தங்களோடு பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளின் பூட்டிகளுக்கும் இது நடந்தது என்று தெரிந்தால், கேட்க அவர்களுக்கு வாய் வரும். பிரெஞ்சில் அவர்கள் இதைப் படிப்பார்கள், நல்ல ஆசிரியர்கள் படிப்பிப்பார்கள். தமிழில் யார் சொல்லப் போகிறார்கள்?

நல்ல படங்களும் இருக்கின்றன, அவற்றையும் கொண்டுபோங்கள். பிரான்ஸ் என்ற பெயர் கொண்ட கப்பலின் படம். 1960 மே 11ஆம் திகதி, புவ்ரோனில் துப்பாக்கி கைமாறிச் சரியாகப் பதினைந்தாவது வருடம், அப்போது பிரான்ஸின் ஜனாதிபதியாக இருந்த ஜெனரல் து கோல் வந்து நிற்க, அவர் மனைவி பெயர் சூட்ட, 315 மீட்டர் நீளக் கப்பல் ஆற்றுக்குள் இறங்கியது. சாம்பலான ஊர் அதைக் கட்டியது. அந்தக் கப்பல் பிறகு நோர்வே என்று பெயர் மாறி, கடைசியில் இந்தியாவின் குஜராத்தில் அலங் கடற்கரையில் 2006இல் ஏறி, துண்டு துண்டாக வெட்டப்பட்டது. இங்கே பெயின்ற் அடித்தவர்களின் கைவேலையை அங்கே வெறும் காலோடு நின்ற தொழிலாளர் சுரண்டி எடுத்த படங்களையும் பார்த்திருக்கிறேன். தொழிலால் இரு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்.

கூரையிலேயே ஒரு தோட்டம் இருக்கிறது, கவனித்தீர்களா? குண்டைத் தாங்கக் கட்டிய கொங்கிறீட் அறைகளின் இடையால் மரங்கள் தலை நீட்டுகின்றன. ஜில் கிளெமோன் என்ற தோட்டக் கலைஞர் வைத்தது. சின்னக் காற்றுக்கும் இலை நடுங்குகிற மரம். போன வருடம் பிள்ளைகள் அதற்குள்ளால் ஓடினார்கள், பெயரைச் சொல்ல நேரம் இருக்கவில்லை.

நான் கேட்பது அரை நாள். காலை பத்திலிருந்து ஒன்று வரை. கடற்கரை எங்கும் போகாது, பின்னேரம் போகலாம். சாப்பாட்டுப் பார்சலைக் கூரையிலேயே பிரிக்கலாம், காற்றுக்கு மட்டும் கவனம். ஏழு படங்களைப் பெரிதாக அச்செடுத்து, மழை படாமல் பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னும் எங்கே நின்று எடுத்தது, யார் எடுத்தது, எனக்குத் தெரிந்த அளவுக்குத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். எட்டாவதாக ஒரு வெற்று மட்டை வைத்திருக்கிறேன், அந்தப் பெடியளுக்காக. அவர்களின் படம் யாரிடமாவது கிடைத்தால் அதில் ஒட்டுவேன். கிடைக்கும்வரை அதை வெற்றாகவே பிள்ளைகளின் கையில் கொடுப்பேன்.

நுழைவுக் கட்டணம் கூரைக்கு இல்லை. எனக்கு ஒரு சதமும் வேண்டாம். சனிக்கிழமை என்றால் வேலை இல்லை, மற்ற நாள் என்றால் இரண்டு கிழமை முன்னம் சொல்லுங்கள், லீவு போடுகிறேன். டொக்கின் கதவடியில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் போன வருடம் வந்த அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி அங்கேதான் நிற்கிறது. அவள் எந்த வகுப்பு என்று தெரியாது. இரட்டைப் பின்னல், நீலச் சப்பாத்து, முன்பல் ஒன்று இல்லை. உங்கள் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் இந்த முறை அவளைக் கட்டாயம் கூட்டிவாருங்கள். கப்பலுக்கு மேல் நின்ற ஆட்கள் ஆர் என்று நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
சென் நசேரிலிருந்து ஒரு பெயின்ற் தொழிலாளி